செயற்கை இடுப்பு மூட்டு: பந்தின் பருமனும் நோயாளியின் பாடும்

இருபதாம் நூற்றாண்டின் சத்திரசிகிச்சை மனிதனுக்கு அளித்த கொடைகளுள் செயற்கை இடுப்பு மூட்டுக்கு இணையாகச் சொல்லத்தக்கவை சிலவே. ஊன்றுகோலின்றி எழமுடியாதிருந்தவர் சில வாரங்களில் படியேறி நடக்கின்றார். நோவினால் இரவெல்லாம் விழித்திருந்தவர் அதனை மறந்து உறங்குகின்றார். ஆயினும், இக்கொடையின் வரலாற்றிலே அண்மைக்காலத்தில் நிகழ்ந்த பெரும்பிழை ஒன்று உண்டு. “பந்து பெரிதாயின் மூட்டு விலகாது, ஆகவே பெரிய பந்தே சிறந்த பந்து” என்பதே அப்பிழைக்கு வித்திட்ட வாதம். அவ்வாதத்தின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். மெய்யை முன்னே நிறுத்திப் பொய்யை விற்றதன் விளைவைப் பல்லாயிரம் நோயாளர் தம் உடலிலே சுமந்தனர்.

முதலில் மெய்யை நோக்குதல் தகும். சத்திரசிகிச்சையின்போது தொடையென்பின் நோயுற்ற தலை வெட்டி அகற்றப்படுகின்றது. என்பின் உட்குழலில் ஓர் உலோகத் தண்டு பொருத்தப்பட்டு, அதன் கழுத்தின்மேல் ஒரு பந்து அமைக்கப்படுகின்றது. இடுப்பென்பின் குழியில் ஒரு கிண்ணம் பதிக்கப்படுகின்றது. இயற்கை மூட்டில் தலையைக் கவ்விப் பிடித்திருந்த விளிம்புக் கசியிழையமும் உறையும் இச்செயற்பாட்டில் வெட்டப்பட்டோ தளர்ந்தோ போகின்றன. எனவே, தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழும்போதோ, விழுந்த பொருளை எடுக்கக் குனியும்போதோ பந்து கிண்ணத்தை விட்டு வெளியே நழுவிவிடக்கூடும். கால் குறுகி உட்புறம் திரும்பிவிடும். நோயாளி வலியால் அலறுவார். மயக்கமருந்து கொடுத்தே மூட்டினை மீண்டும் ஏற்றவேண்டும். விலகல்களிற் பெரும்பங்கு சத்திரசிகிச்சையை அடுத்த முதற் சில மாதங்களிலேயே நிகழ்கின்றது. ஒருமுறை விலகிய மூட்டு மீண்டும் விலகுமோ என்ற அச்சம் அதன்பின் ஒவ்வோர் அசைவிலும் உடன்வரும். இத்துன்பத்தைச் சிறிதென்று கூறுவார் அதனைக் கண்டறியாதவர்.

பெரிய பந்து இவ்விலகலை இரு வகையால் எதிர்க்கின்றது. கிண்ணம் ஏறத்தாழ அரைக்கோளமாயின், பந்து வெளியேறுவதற்கு அதன் மையம் கடக்கவேண்டிய தூரம் பந்தின் ஆரைக்கு அண்மித்ததாகும். 22 மில்லிமீற்றர்ப் பந்துக்கு அது 11 மில்லிமீற்றர். 36 மில்லிமீற்றர்ப் பந்துக்கு 18 மில்லிமீற்றர். இஃது ஒன்று. பந்தின் விட்டம் கழுத்தின் தடிப்போடு ஒப்பிடப் பெரிதாக இருக்கும்போது, கழுத்து கிண்ண விளிம்பில் முட்டுவதற்குமுன் கால் கூடுதலான கோணத்துக்கு அசையலாம். இஃது இரண்டாவது. கழுத்து விளிம்பில் முட்டினால் அவ்விளிம்பே நெம்புகோலின் சுழலிடமாகிப் பந்தைக் கிளப்பிவிடும். பந்து பெருக்கும்போது இவ்வாய்ப்புக் குறைகின்றது. ஆனால் இவ்விலாபத்துக்கும் எல்லை உண்டு. ஓரளவுக்கு மேல் முட்டிக்கொள்வன உலோகமும் விளிம்புமல்ல, என்பும் என்புமே. அந்நிலையில் பந்தை மேலும் பெருக்கினும் அசைவின் வீச்சு வளர்வதில்லை.

இவ்வளவும் கேத்திரகணிதத்தின் பாற்பட்டவை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரும் அறியக்கூடியனவாயிருந்தவை. அவ்வாறாயின், செயற்கை இடுப்பு மூட்டின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் சாண்லி 22 மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சிய, அதாவது ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கான, சிறு பந்தைத் தெரிந்தமைக்குக் காரணம் யாது? பெரிய பந்தின் நன்மையை அவர் அறியாதிருந்தாரல்லர். இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள றைற்றிங்ரன் வைத்தியசாலையில் பணியாற்றிய அவர், தொடக்கத்தில் பெரிய பந்தையே பயன்படுத்தினார். பந்து பெரிதாகுந்தோறும் உராய்வின் முறுக்கம் பெரிதாகிக் கிண்ணத்தை என்பினின்றும் தளர்த்துவதை உணர்ந்தே அவர் பந்தைச் சிறிதாக்கினார். விலகலின் அபாயத்தை அறிந்தே ஏற்று, அதற்கு ஈடாகச் சத்திரசிகிச்சை முறையையும் வகுத்தார். தொடையென்பின் பெரும்புடைப்பை வெட்டியெடுத்து, மூட்டைப் பொருத்தியபின் அப்புடைப்பைக் கம்பியாற் பிணித்து, இடுப்பின் தசைகளை இறுக்கி நிறுத்துவதே அம்முறை. சிறு பந்தும் இறுகிய தசையும் ஒரே சிந்தனையின் இரு பகுதிகள். பின்வந்தோர் பலர் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறையைக் கைவிட்டனர்.

தேய்வைப் பற்றிய கணக்கும் சிறு பந்தின் பக்கமே நின்றது. உலோகப் பந்து பொலிஎதிலீன் கிண்ணத்துள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதைகின்றது. புதையும் ஆழம் சமமென்று கொள்ளின், தேய்ந்து உதிரும் பொருளின் கனவளவு பந்தின் ஆரையின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். சாண்லியின் பந்தோடு ஒப்பிடின், 32 மில்லிமீற்றர்ப் பந்து இருமடங்குக்குச் சற்று மேலாகவும், 36 மில்லிமீற்றர்ப் பந்து இரண்டரை மடங்குக்கு மேலாகவும் துகள்களை உதிர்க்கும். இத்துகள்களை விழுங்கும் கலங்கள் தூண்டப்பட்டுச் சுற்றியுள்ள என்பு அரிக்கப்படுகின்றது. பல ஆண்டுகளின் பின் மூட்டுத் தளர்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தினர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 22 மில்லிமீற்றர்ப் பந்து ஆழமாகப் புதைவதும், 32 மில்லிமீற்றர்ப் பந்து மிகுந்த கனவளவைத் தேய்ப்பதும், 28 மில்லிமீற்றர்ப் பந்து மிகக் குறைந்த ஆழத்துக்கே புதைவதும் தெளிவாயின. எல்லாத் தீங்கையும் ஒருங்கே தவிர்க்கும் பருமன் என்று ஒன்று இல்லை என்பதே இதன் பொருள்.

சிறு பந்தை வேதவாக்காகக் கொண்டோரும் குற்றமற்றவரல்லர். மூட்டு விலகியபோதெல்லாம் “நோயாளி சொற்கேளாது குனிந்தார்” என்று பழியை நோயாளியின் தலையிற் சுமத்துதல் அவர்க்கு எளிதாயிருந்தது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொரு மேயோ ஆய்வு இப்பழியை ஐயத்துக்குள்ளாக்கியது. 21,047 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்த அவ்வாய்வின்படி, மூட்டைப் பின்பக்கவழியாக அணுகியவிடத்துப் பத்தாண்டுகளில் விலகல் ஏற்பட்ட வீதம் 22 மில்லிமீற்றர்ப் பந்துக்கு 12.1, 28 மில்லிமீற்றருக்கு 6.9, 32 மில்லிமீற்றருக்கு 3.8. நூற்றுவருள் பன்னிருவர் என்பது நோயாளரின் கவனக்குறைவால் மட்டும் விளையும் எண்ணன்று. ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படித்தல் வேண்டும். முன்பக்கவாட்டு வழியாக அணுகியவிடத்து அவ்வீதங்கள் முறையே 3.8, 3.0, 2.4 மட்டுமே. ஒரு வழியில் மும்மடங்கு வேறுபாட்டைத் தோற்றுவித்த பருமன், மறுவழியிற் சிறு வேறுபாட்டையே தோற்றுவித்தது. பின்வழியில் இடப்பட்ட 32 மில்லிமீற்றர்ப் பந்தும் முன்பக்கவாட்டு வழியில் இடப்பட்ட 22 மில்லிமீற்றர்ப் பந்தும் ஒரே வீதத்தில் விலகின. பந்தின் பருமன் தனித்து நின்று எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1990களின் இறுதியில் மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைக்கப்பட்ட புதிய பொலிஎதிலீன் பாவனைக்கு வந்தது. பழையதைவிட மிகக் குறைவாகத் தேயும் இப்பொருள் பந்தைப் பெருக்க நியாயமான இடமளித்தது. 2012இல் வெளியான, நோயாளரைச் சீட்டு முறையிற் பிரித்து நடத்திய ஆய்வொன்றில், முதற் சத்திரசிகிச்சைக்குள்ளானோரிடையே ஓராண்டில் விலகல் 28 மில்லிமீற்றர்ப் பந்துக்கு நூற்றுக்கு 4.4 ஆகவும், 36 மில்லிமீற்றர்ப் பந்துக்கு 0.8 ஆகவும் இருந்தது. இது மறுக்கவொண்ணாத நன்மை. பந்தைப் பெருக்குதலே பாவம் என்று எவரும் கூறவில்லை. பெருக்குவதற்கு முன் தேய்வுக்கு விடை கண்டு, பின் நோயாளரிடத்து ஒப்பிட்டுச் சோதித்த வழியே அறிவியலின் வழி.

ஆனால் அதே காலத்தில் சந்தை வேறொரு வழியில் விரைந்துகொண்டிருந்தது. பொலிஎதிலீனை முற்றாக நீக்கி, கோபாற்று-குரோமியக் கலப்புலோகத்தாலான பந்தை அதே உலோகத்தாலான மெல்லிய கிண்ணத்துள் அமைத்தால், இயற்கைத் தலையை ஒத்த 40, 50 மில்லிமீற்றர்ப் பருமனையும் எய்தலாம் என்றனர். பெரிய பந்து விரைந்து வழுக்குவதால் இரு பரப்புகளுக்குமிடையே திரவப்படலம் நிலைபெறும், தேய்வு அற்பமாகும் என்றனர். ஆய்வுகூடப் பொறிகள் இதற்குச் சான்றளித்தன. பொறியிலே கிண்ணம் எப்போதும் ஒழுங்கான கோணத்தில் இருக்கும், மனிதனில் அவ்வாறன்று. கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்துவிடின் பாரம் முழுவதும் அதன் விளிம்பிற் குவிகின்றது, திரவப்படலம் அறுகின்றது, உலோகம் உலோகத்தை அராவுகின்றது. உதிரும் கோபாற்றும் குரோமியமும் மூட்டைச் சூழ்ந்த இழையங்களை அழிப்பதோடு குருதியிலும் கலக்கின்றன. மேலும், பந்தையும் தண்டையும் இணைக்கும் கூம்பு வடிவப் பொருத்திலே பெரிய பந்தின் பெரிய முறுக்கம் தாக்கி அங்கும் அரிப்பை உண்டாக்குகின்றது. உராய்வின் முறுக்கத்தைக் குறைக்கவே சாண்லி பந்தைச் சிறிதாக்கினார் என்பதை நாற்பது ஆண்டுகளுக்குள் மறந்துவிட்டனர்.

ஜோன்சன் அன் ஜோன்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டெப்யூ கம்பனியின் ஏ. எஸ். ஆர். என்னும் சாதனத்தின் கதை இம்மறதியின் விலையைக் காட்டும். 2003இல் அது சந்தைக்கு வந்தது. அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழங்குறைந்தது. ஆகவே விளிம்பிற் பாரம் விழும் வாய்ப்பு மிகுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அதன் தண்டுடைய வகை, முன்னரே விற்பனையிலிருந்த சாதனங்களுக்கு ஒப்பானது என்ற வாதத்தின்மேல், நோயாளரிடத்து முன்கூட்டிய பரீட்சார்த்தமின்றி 2005இல் அனுமதி பெற்றது. அவுஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு 2007ஆம் ஆண்டிலேயே அபாயக்குரல் எழுப்பியது. 2009இன் இறுதியிலேயே அந்நாட்டுச் சந்தையினின்று சாதனம் விலக்கப்பட்டது. உலகெங்குமிருந்து அது மீளப்பெறப்பட்டது 2010 ஓகஸ்டிலாகும். அதற்குள் ஏறத்தாழ 93,000 பேரின் உடலில் அது பொருத்தப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகளுள் நூற்றுக்கு 12 முதல் 13 வரையானோர்க்கு மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியிருந்ததென அப்போது அறிவிக்கப்பட்டது. 2013இல் அமெரிக்க நோயாளர் பலரின் வழக்குகளைத் தீர்ப்பதற்கு ஏறத்தாழ 250 கோடி டொலர் அளிக்க இணக்கம் காணப்பட்டது. அரிக்கப்பட்ட தசையைப் பணம் மீட்டுத் தராது.

இது ஒரு கம்பனியின் தவறு மட்டுமே, பருமனின் தவறன்று எனச் சிலர் வாதிப்பர். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் தேசிய மூட்டுப் பதிவேட்டிலுள்ள 402,051 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2012இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியான கட்டுரை இதற்கு மறுமொழி பகர்கின்றது. அவற்றுள் 31,171 தண்டுடைய, உலோகத்தின்மேல் உலோகம் அமைந்த மூட்டுகள். அவ்வகையில் பந்து ஒவ்வொரு மில்லிமீற்றர் பெருக்கும்போதும் தோல்வியின் அபாயம் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடியது. அறுபது வயது ஆண்களில் ஐந்தாண்டு மறுசத்திரசிகிச்சை வீதம் 28 மில்லிமீற்றருக்கு 3.2, 52 மில்லிமீற்றருக்கு 5.1. இளவயதுப் பெண்களின் நிலை இன்னும் கொடிது. 28 மில்லிமீற்றர் உலோகப் பந்தைப் பொலிஎதிலீனில் அமைத்தவிடத்து 1.6 ஆயிருந்த வீதம், 46 மில்லிமீற்றர் உலோகப் பந்தை உலோகத்தில் அமைத்தவிடத்து 6.1 ஆயிற்று.

அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் உண்டு. செரமிக்கின்மேல் செரமிக்கு அமைந்த மூட்டுகளில் நிலைமை தலைகீழானது. அறுபது வயது ஆண்களில் 28 மில்லிமீற்றருக்கு 3.3 ஆயிருந்த வீதம் 40 மில்லிமீற்றருக்கு 2.0 ஆகக் குறைந்தது. பெரிய பந்தின் ஆதரவாளர் இதனைத் தமக்குச் சார்பாகக் காட்டுவர். ஆனால் இஃது அவர் வாதத்தின் வேரையே அறுக்கின்றது. ஒரு பொருளில் நன்மை செய்த பருமன் மற்றொரு பொருளில் தீமை செய்ததெனின், “பெரிய பந்தே சிறந்தது” என்ற வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. எப்பொருளில், எக்கிண்ணத்தில், எவ்வழியில், எவர் உடலில் என்ற வினாக்களோடு சேர்த்தே பருமனைப் பேசமுடியும். அவ்வினாக்களை நீக்கிப் பருமனை மட்டும் பேசியது விளம்பரமேயன்றி வைத்தியமன்று.

வைத்தியம் பிழைகளினூடாகவே வளர்கின்றது, சாண்லியும் பிழைத்தவரே என மற்றொரு வாதம் எழும். உண்மைதான். 1958 முதல் அவர் பயன்படுத்திய தெப்லன் கிண்ணங்கள், ஏறத்தாழ முந்நூறு நோயாளரில், சில ஆண்டுகளுள் தேய்ந்து அழிந்தன. ஆனால் அவர் தம் நோயாளரைத் தொடர்ந்து பார்த்தார். தோல்வியைத் தாமே கண்டார். தம் கையாலேயே அவர்க்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்தார். அப்பொருளின் தீங்கை அறியத் தம் தொடையிலேயே அதனைப் பொருத்திச் சோதித்து, முடிவை 1963இல் வெளியிட்டார். 1962 நவம்பரில் புதிய பொலிஎதிலீனைப் பொருத்தத் தொடங்கிய பின்னரும், நெடுங்காலப் பயனை அறியும்வரை அதனைப் பரப்ப விரையவில்லை. முந்நூறில் நின்ற பிழைக்கும் 93,000இல் நின்ற பிழைக்கும் இடையிலான வேறுபாடு வெறும் எண்ணிக்கை வேறுபாடன்று. முன்னது பொறுப்பேற்றவனின் பிழை. பின்னது எவரும் பொறுப்பேற்காத சந்தையின் பிழை.

விலகலைக் குறைக்கப் பந்தை விட வேறு வழி இல்லையா? உண்டு, அவற்றுட் சில ஊசியும் நூலும் மட்டுமே வேண்டுவன. பின்வழிச் சத்திரசிகிச்சையில் வெட்டப்பட்ட உறையையும் சிறுதசைகளையும் மீண்டும் என்போடு தைத்துவிடும் முறைபற்றி இரு சத்திரசிகிச்சை நிபுணரின் அனுபவம் 1998இல் வெளியாயிற்று. ஒருவரின் நோயாளரில் நூற்றுக்கு 4 ஆயிருந்த விலகல் இல்லாதொழிந்தது. மற்றவரின் நோயாளரில் 6.2 என்பது 0.8 ஆயிற்று. தையலை விற்க எந்தக் கம்பனியும் முகவரை அனுப்புவதில்லை. ஆகவே தையலுக்கு விளம்பரமும் இல்லை. கிண்ணத்தின் கோணத்துக்கு 1978இல் வகுக்கப்பட்ட ‘பாதுகாப்பு வலயமும்’ முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை. 2016இல் வெளியான ஆய்வொன்றில், விலகிய மூட்டுகளில் நூற்றுக்கு 58 அவ்வலயத்துள்ளேயே அமைந்திருந்தன. முள்ளந்தண்டு விறைத்தவர் அமரும்போது இடுப்பென்பு பின்சாய்ந்து கொடுப்பதில்லை. அவர்க்கு ஒழுங்கான கோணமும் ஒழுங்கற்றதாகிவிடும். நோயாளி அமர்ந்தும் நின்றும் இருக்கும் நிலையை முன்கூட்டி ஆராயாத வைத்தியர், எவ்வளவு பெரிய பந்தை இட்டாலும் குறையை மறைக்கின்றாரேயன்றித் தீர்க்கவில்லை.

பருமனையும் சிறுமையையும் இணைத்த அறிவும் புதிதன்று. பிரான்சின் சென்-எத்தியென் நகரில் கில் பூஸ்கே என்பார் 1970களில், சிறிய உலோகப் பந்தைப் பெரிய பொலிஎதிலீன் பந்தினுள் அடக்கி, அதனை உலோகக் கிண்ணத்துள் அசையவிட்டார். அன்றாட அசைவு சிறு பந்தில். எல்லை மீறும் அசைவு பெரும்பந்தில். விலகும் அபாயம் மிகுந்தோர்க்கு அது இன்று பரவலாகப் பயன்படுகின்றது. அதற்கும் உரிய குறைகள் உண்டு; உட்பந்து வெளிப்பந்தைவிட்டுக் கழன்றமை முற்காலத்தில் அறியப்பட்ட ஒன்று. ஆயினும், ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைப் பலியிடாத சிந்தனை அதில் உண்டு.

நிலத்திலிருந்து உண்டு, குந்தியிருந்து காலைக்கடன் கழிக்கும் சமூகங்களுக்கு இவ்விவாதம் மேலும் நெருங்கியது. இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்கும் நிலையே பின்விலகலுக்கு ஏதுவான நிலை. அதனால் பெரிய பந்து இங்கே கூடுதலாகத் தேவை என்ற வாதம் கேட்க நியாயமானதாகும். ஆனால் சிறிய என்பமைப்பு உடையோரின் குழியில் சிறிய கிண்ணமே பொருந்தும். அதனுள் பெரிய பந்தை இட வேண்டின் பொலிஎதிலீனை மெல்லிதாக்க வேண்டும். மெல்லிய பொலிஎதிலீன் வெடிக்கவும் கூடும். தேவை மிகுந்த உடலிலேயே இடம் குறைவு. இந்த முரண்பாட்டைத் தீர்க்காது, வேறு உடல்களில் பெற்ற எண்களைக் காட்டிச் சாதனங்களை இறக்குமதி செய்தல் அறிவுடைமையாகாது.

ஆகவே வேண்டப்படுவது பெரிய பந்துமன்று, சிறிய பந்துமன்று, கணக்கு. விலகல் வாரங்களில் தெரியும்; தேய்வு பத்தாண்டுகளில் தெரியும்; உலோக நஞ்சு இரண்டிற்கும் இடையே மௌனமாகப் பரவும். விரைந்து தெரியும் தீங்கை மட்டும் எண்ணுபவன் தாமதித்து வரும் தீங்கை நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகின்றான். சுவீடன் 1979இலும், அவுஸ்திரேலியா 1999இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இலும் தொடங்கிய பதிவேடுகளே இக்கணக்கை உலகுக்கு எழுதித் தந்தன. ஏ. எஸ். ஆரை வெளிப்படுத்தியது கம்பனியின் மனச்சாட்சியன்று. ஒவ்வொரு மூட்டின் பெயரையும் பருமனையும் பொருளையும் முடிவையும் பொறுமையோடு குறித்துவைத்த எழுதுவினைஞரின் பேனையே.

சாதனம் வாங்கும் எந்த அரசும் எந்த வைத்தியசாலையும் விற்பவனிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் கடன். இப்பருமன், இப்பொருளோடு, எத்தனை மனிதரில், எத்தனை ஆண்டுகள் சோதிக்கப்பட்டது? தோற்றவை எத்தனை, அக்கணக்கை வைத்திருப்பவர் யார்? தோல்வி நேர்ந்தால் மறுசத்திரசிகிச்சையின் செலவை ஏற்பவர் யார்? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத பந்து, எவ்வளவு பெரிதாயினும், எவ்வளவு பளபளத்தாலும், மனித உடலுக்குள் நுழையும் உரிமை அற்றது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நாளில் வைக்கப்படும் பந்தோடு நோயாளி இருபது ஆண்டுகள் நடக்க வேண்டும். அந்த இருபது ஆண்டுகளுக்கும் பொறுப்புச் சொல்பவனே அதன் பருமனைத் தீர்மானிக்கத் தகுதியுடையவன்.